கண்டிகைக்குப் பஸ் வந்த வகை

கௌரியம்மாளைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் அவள் வாயைப் பற்றி எழுதிவிட வேண்டும். விட்டுவிட்டால் அவளே வந்து, "எல்லாத்தையும் எழுதினியே, என் வாய மட்டும் ஏன் உட்ட?" என்று கேட்பாள்.

திருத்தணி மலையடிவாரத்தில் அவளுக்குப் பூக்கடை. என் கற்பூரக் கடைக்கு அடுத்த கடை. மாலைக்கு விலை கேட்டுவிட்டு யாராவது முகத்தைச் சுளித்தால் போதும். "மேல போயி புள்ள வேணும், வூடு வேணும், வேல வேணும்னு கேக்கப் போற. கேக்கறது கோணி நெறைய, பூவு மட்டும் கிள்ளி வேணுமா?" என்பாள். கேட்டவர் வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டு படியேறுவார். நான் மனசுக்குள் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். அவளுக்காக நான் கேட்ட மன்னிப்பையெல்லாம் சேர்த்து வைத்தால் எனக்கென்று பாவம் செய்யக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும்.

அக்காவும் தங்கையுமாக எங்கள் ஊருக்கே வாழ வந்தவர்கள். அக்கா தேவகிக்கு எல்லப்பன் வாய்த்தார். அவரோடு கிணறும் நிலமும் வாய்த்தன. தங்கை கௌரிக்கு வேணு வாய்த்தான். அவனோடு ஒன்றும் வாய்க்கவில்லை. நல்ல மனுஷன். ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சள் வேட்டி கட்டிக் காவடி எடுத்தானென்றால் தெருவே கூடப் போகும். மற்ற நாளெல்லாம் காவடி எடுத்த அலுப்பில் படுத்திருப்பான். ஒரு காய்ச்சலில் போய்விட்டான். அதற்கப்புறம்தான் கௌரியம்மாள் பூக்கூடையைத் தலையில் வைத்தாள். மகன் உதயாவை அந்தக் கூடையை வைத்தே படிக்க வைத்தாள். அவன் இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான்.

எங்கள் ஊர் பாறைமேட்டுக் கண்டிகை. ஆர்.கே.பேட்டையைத் தாண்டி வடக்கே, தமிழ்நாடு முடிகிற இடம். ஏரிக்கரையில் இந்தப் பக்கம் நின்றால் செல்போன் தமிழ்நாடு. கொஞ்சம் தள்ளி நின்றால் ஆந்திரா வரவேற்கிறது என்று மெசேஜ் வரும். வரவேற்பதோடு சரி. இரண்டு பேருமே பஸ் விடமாட்டார்கள். டவுன் பஸ் கூட்டுரோடு வரைக்கும் வந்து திரும்பிவிடும். அங்கிருந்து ஊருக்குத் தார் ரோடு உண்டு, நடப்பதற்கு.

"பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு இல்லன்னு சொல்ட்டாங்க. நம்மளுக்கு பஸ்ஸே இல்லன்னு சொல்ட்டாங்க. ரெண்டும் கணக்கு சரியாப் போச்சு" என்பாள் கௌரியம்மாள்.

என்னை என் வீட்டுக்காரர் டிவிஎஸ் வண்டியில் கூட்டுரோட்டில் விட்டுவிடுவார். கூடையோடு இன்னொரு ஆள் அதில் ஏற முடியாது. விடியும் முன்னே கனகாம்பரமும் முல்லையும் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் நடப்பாள். சாயந்திரம் வெறுங்கூடையோடு நடந்து வருவாள். ரோடு முடிகிற இடத்தில், ஏரி மதகுக்கும் எல்லப்பன் நிலத்து முள்கம்பிக்கும் நடுவில் ஒரு கல் கிடக்கும். எருமை படுத்த மாதிரி இருக்கும். அதில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டு, பஸ் விடாதவர்களை வரிசையாக வைதுவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குப் போவாள்.

அந்த முட்டிதான் கடைசியில் கையை விரித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி சுமை தூக்கி நடக்கவே கூடாது என்றார்.

"நடக்காம, ஊர தூக்கினு வந்து மலையடியில வெச்சிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

உதயா வந்து, கடையை விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். "ஒரே ரூம்தான், ஆனா பாத்ரூம் உள்ளயே கீதும்மா" என்று ஆசை காட்டினான்.

"அங்க வந்து நான் யாருக்குடா பூ கட்டறது? உன் வாஷிங் மிஷினுக்கா?" என்றாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. தை மாதம் வரைக்கும் பார்ப்பது, ஊருக்குப் பஸ் வராவிட்டால் கடையை விட்டுவிடுவது என்று அம்மாவுக்கும் மகனுக்கும் பேச்சாகிவிட்டது.

பஸ் ஏன் வரவில்லை என்று கேட்டால், டிப்போவில் ஒரே பதில்தான்: திரும்ப இடமில்லை. அதற்கு எல்லப்பனின் வேர்க்கடலை நிலத்து ஓரத்தில் கொஞ்சம் விட்டால் போதும் என்று ஊரே நினைத்தது. கௌரியம்மாள் அக்கா வீட்டுக்காரரிடம் போய்க் கேட்காத நாளில்லை.

"பாவா, ஒரு ஓரமா உடு பாவா. மல்லாட்ட நாலு செடி கொறஞ்சா குடி முழுகிடுமா?"

"இன்னிக்கு பஸ் திரும்பணும்னுவீங்க. நாளைக்கு நெழல் வேணும்னு கொட்டா போடுவீங்க. அப்பால கக்கூஸ் கட்டுவீங்க. எங்க நைனா மல்லாட்ட போட்ட எடத்துல ஊரே வந்து குந்துமா? போ கௌரி, போ" என்பார் எல்லப்பன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆனந்தன் என்ற பையன் வெள்ளைக் காரில் வந்து இறங்கினான். பையன் என்றால் முப்பது இருக்கும். சென்னையில் ஏதோ திட்டம் போட்டுக் கொடுக்கிற கம்பெனி. மாநிலத்தின் வடகோடியில், யாரும் பார்க்காத இடங்களில் சுற்றுலாவை வளர்க்க யோசனை சொல்வது அவன் வேலை. ஊர் ஜனத்தைத் தண்ணி டேங்க் நிழலில் உட்காரவைத்துப் பேசினான்.

"யாரும் பார்க்காத இடங்களை நாங்க வெளி உலகத்துக்குக் கொண்டு போகப் போறோம்" என்றான்.

"யாரும் பாக்காத எடமா? அப்ப நாங்க யாரு, ஆடா?" என்றார் எல்லப்பன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஹோம்ஸ்டே என்றான். வெளியூர்க்காரர்கள் வந்து நம் வீட்டில் தங்குவார்களாம். நம்மோடு சாப்பிடுவார்களாம்.

"சொந்தக்காரன் ரெண்டு நாளு தங்கினாலே எப்ப கெளம்புவான்னு செருப்பப் பாத்துகினு இருக்கறோம்" என்றாள் தேவகி.

ட்ரெக்கிங் என்றான். அது என்னவென்று கேட்டதற்கு, வேலை எதுவும் இல்லாமல் மலையிலும் காட்டிலும் சும்மா நடப்பது என்றான். கௌரியம்மாள் முட்டியைத் தடவிக்கொண்டே, "அப்ப நான் இத்தினி வருஷமா ட்ரெக்கிங்கா போய்கினு இருந்தேன்? பூ விக்கப் போறேன்னு இல்ல நெனச்சேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். நல்ல பிள்ளை.

அப்புறம் அவன் சொன்ன வார்த்தையில் அவள் சிரிப்பு நின்றது. "பார்க்கிற மாதிரி ஒரு ஸ்பாட் இருந்தா, அதுக்கு ரோடு, பஸ் வசதி எல்லாம் சேர்த்து எழுதலாம். இங்க என்ன ஸ்பெஷல்?"

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவர் ரேஷன் கடையைச் சொன்னார். "கொசு" என்றார் எல்லப்பன். ஆனந்தன் பையை மூட ஆரம்பித்தான்.

"ஏன் நைனா, அந்தக் கல்லப் பாக்கலியா நீ?" என்றாள் கௌரியம்மாள்.

 அவள் பூ விற்கும்போது பேசுகிற குரல் அது.

"வள்ளிமலைலேருந்து முருகர் வள்ளியம்மாவ கூட்டிகினு தணிகைக்குப் போறாரு. எந்த வழியா போவாரு? இந்த வழியாத்தான். பொம்பள எவ்ளோ தூரம் நடப்பா? முட்டி புடிச்சிகிச்சு. 'என்னால ஆவாது, நீ வேணா போ'ன்னு சொல்லிட்டு அந்தக் கல்லுல குந்திடுச்சு. சாமி எம்மாம் கெஞ்சியும் எழுந்துக்கல. அப்பால முருகரே கால புடிச்சி உட்டாரு. அது வள்ளி குந்தின கல்லு."

வள்ளிக்கு முட்டி வலி என்று எந்தப் புராணத்திலும் இல்லை. சுப்பிரமணிய சுவாமி கால் பிடித்துவிட்டதாகவும் இல்லை. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்து ஆனந்தன், இந்த அம்மாவுக்கு எவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொண்டான்.

"எப்ப குந்துச்சு?" என்றார் எல்லப்பன். "நான் பொறந்ததுலேருந்து பாக்கறேன், அதுல என் ஆடுதான் குந்தும்."

"வள்ளியம்மா குந்தும்போது உன்ன கூப்புட்டுக் காட்டிட்டுக் குந்துமா பாவா?"

ஆனந்தன் மறுநாள் காலையில் படம் எடுக்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் கௌரியம்மாள் கடைக்குப் போகவில்லை. விடிந்ததும் கல்லைக் கழுவினாள். கழுவ வேண்டியதும் இருந்தது. ஊர் நாய்கள் அதற்குத் தினமும் அபிஷேகம் செய்து வந்தன. மஞ்சளை அரைத்து மேலிருந்து கீழே பூசினாள். குங்குமம் வைத்தாள். முல்லைச் சரத்தை மூன்று சுற்றாகப் போட்டாள்.

"தாலி இல்லாதவ பூசின மஞ்ச சாமிக்கு ஆவுமா?" என்று எதிர்வீட்டு பிரேமா முணுமுணுத்தாள்.

"ஆவாதுன்னா நீ வந்து பூசு. உன் தாலி கெட்டியாத்தானே கீது?"

பிரேமாவும் ஒரு கிண்ணம் மஞ்சளோடு வந்து பூசினாள். ஆகக் கல்லுக்கு இரண்டு பூச்சு. என் கடையிலிருந்த கற்பூரத்தை ஏற்றினோம். ஏற்றும்போது நான்கூடக் கண்ணை மூடி, வள்ளி அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே, பஸ்ஸுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனந்தன் வந்து கீழே நின்று எடுத்தான், மேலே தும்பி மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டும் எடுத்தான்.

அவன் போன பிறகு கல் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் மஞ்சள் பூசிய கல் எங்கள் பக்கம் சும்மா இருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை தேவகி விளக்கு வைத்தாள். அதற்கடுத்த வெள்ளி பத்து விளக்கு எரிந்தது. யாரோ சிவப்புப் பாவாடை சுற்றினார்கள். யாரோ சின்ன வேல் நட்டார்கள். பிரேமாவின் மாமியாருக்கு முட்டி வலி குறைந்துவிட்டதாம்; அந்த அம்மாள் தைலமும் தேய்த்துக்கொண்டிருந்தாள், அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆடியில் கூழ் ஊற்றினார்கள். கௌரியம்மாளுக்கு உட்கார இருந்த ஒரே இடமும் போயிற்று. அவள் இப்போது கல்லுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு எடம் குடுத்துட்டு நான் மண்ணுல குந்திகினு இருக்கறேன் பாரு" என்று கல்லிடம் சொன்னாள்.

ஐப்பசி மழை விட்டதும் ஆனந்தன் மறுபடி வந்தான். கூடவே அளக்கிற ஆளும், ஜேசிபி வண்டியோடு அருண்பாண்டியன் என்ற டிரைவரும் வந்தார்கள். திட்டத்தில் முதல் வேலையாக எங்கள் ஊருக்குப் பஸ் திரும்ப இடம் செய்யப் போகிறார்கள் என்றதும் கௌரியம்மாள் சந்தோஷத்தில் அருண்பாண்டியனுக்கு டீயும் மசால் வடையும் வாங்கிக் கொடுத்தாள்.

அளக்கிற ஆள் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யார் நிலமும் வேணாம். நடுவுல இருக்கற இந்தக் கல்ல எடுத்துட்டா பஸ் தாராளமா திரும்பும்."

கௌரியம்மாள் கையிலிருந்த டீ கிளாஸ் அப்படியே நின்றது.

அருண்பாண்டியன் வண்டியைக் கிளப்பிக் கல்லுக்கு முன்னால் கொண்டுவந்தான். மஞ்சளைப் பார்த்தான். பாவாடையைப் பார்த்தான். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிச் செருப்பைக் கழற்றினான்.

"எனக்கு ரெண்டு பொண்ணு கீது. நான் தொட மாட்டேன்."

"யப்பா, அது வெறுங்கல்லு" என்று கத்தினாள் கௌரியம்மாள். "நான் சும்மா சொன்ன கதைப்பா! வள்ளியும் குந்தல, கிள்ளியும் குந்தல. நான்தான் குந்தினு இருந்தேன்!"

ஊர் முழுக்கக் கூடியிருந்தது. ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. தேவகிதான் பதில் சொன்னாள்.

"நீயா சொன்ன கௌரி? உனக்கு அஞ்சு நிமிஷத்துல அப்படி ஒரு கதை கட்ட வருமா? அவதான் உன் வாயில பூந்து சொல்லிக்கீறா."

"எனக்கு வருங்கா! எனக்கு நல்லா வரும்! தெனம் மலையடியில அதத்தானே பண்றேன்!"

"பாரு, அவ பேச்சே மாறுது. சாமி மேல வருது போல" என்றாள் பிரேமா.

கௌரியம்மாள் ஆனந்தனிடம் திரும்பினாள். "நீ படிச்ச புள்ள. நீ சொல்லு நைனா."

ஆனந்தன் தலையைச் சொறிந்தான். "அம்மா, நான் எடுத்த ஃபோட்டோவ எங்கம்மா பூஜை ரூம்ல மாட்டிட்டாங்க. அவங்களுக்கும் முட்டி வலி. இப்ப நான் போய்க் கல்ல எடுத்துட்டேன்னு சொன்னா வீட்ல சோறு கிடைக்காது."

"அம்மாம் வெறுங்கல்லுன்னா நீயே தள்ளு" என்று கடப்பாரையைக் கொண்டுவந்து கொடுத்தார் எல்லப்பன். அவருக்குக் கொண்டாட்டம்.

அவள் வாங்கிக்கொண்டாள். நேராகக் கல்லிடம் போனாள். கல்லுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். அவள் கையால் அரைத்த மஞ்சள், அவள் கையால் கட்டிய சரம். எழுந்து கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்னால ஆவாது" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான் வண்டி இருக்கும், அப்புறம் வேறு ஊர் வேலைக்குப் போய்விடும் என்று அளக்கிற ஆள் சொல்லிவிட்டார். கௌரியம்மாள் வீட்டுக்குப் போய் உதயாவுக்குப் போன் போட்டு, ரூமில் ஒரு டிரங்குப் பெட்டி வைக்க இடம் இருக்குமா என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போலப் பெண்கள் விளக்கோடு வந்துவிட்டார்கள். வண்டி ஓரமாக நின்றது. அருண்பாண்டியன் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டிருந்தான். தேவகி விளக்கு வைத்துவிட்டுக் கல்லைச் சுற்றப் போனாள். கல்லின் அந்தப் பக்கம் எல்லப்பனின் முள்கம்பி, ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்குத்தான் இடம். தேவகி ஒருக்களித்து நுழைகிற உடம்பு இல்லை. டர்ரென்று புடவை கிழிந்தது.

அந்தப் புடவை போன தீபாவளிக்கு எடுத்தது. தேவகி கம்பியிலிருந்து முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு கத்தினாள்: "யோவ்! சாமிய சுத்தி வர வழி இல்லாம முள்ளுக் கம்பி கட்டி வெச்சிக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா? ஆத்தா சும்மா உடுவாளா உன்ன?"

எல்லப்பன், "நேத்து வரைக்கும் அது என் வேலி, இன்னிக்கு..." என்று ஆரம்பித்தார். விளக்கும் கையுமாக அத்தனை பெண்களும் அவரையே பார்த்தார்கள்.

கௌரியம்மாள் தரையிலிருந்து எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், ஆனால் வேகமாக எழுந்தாள்.

"பாவா, அக்கா சொல்றது நாயந்தானே? சாமின்னு ஒண்ணு இருந்தா பிரகாரம்னு ஒண்ணு வேணாமா? தணிகையில இல்லியா? திருப்பதியில இல்லியா? நீ எங்களுக்குக் குடுக்க வேணாம். பஸ்ஸுக்கும் குடுக்க வேணாம். வள்ளியம்மாவுக்குக் குடு."

எல்லப்பன் கூட்டத்தைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். நேற்று அதைத் தள்ளக் கடப்பாரை எடுத்துக் கொடுத்தது தன் கைதான் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது.

"சரி, சாமிக்குன்னா நான் இன்னா சொல்றது? எம்மாம் அகலம் வேணும்?"

"ஒரு பஸ்ஸு அகலம் பாவா."

முதலில் சிரித்தது அருண்பாண்டியன்தான். சுண்டல் புரையேறிவிட்டது. எல்லப்பனுக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. கொழுந்தியாளை முறைத்தார். ஆனால் கொடுத்த வார்த்தையை வெள்ளிக்கிழமை விளக்குக்கு முன்னால் எப்படித் திரும்ப வாங்குவது? அவரே போய் வேலிக் கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தார். அவிழ்த்துக்கொண்டே, "கக்கூஸ் மட்டும் கட்டக் கூடாது. இப்பவே சொல்ட்டேன்" என்றார்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் கல்லைச் சுற்றி மண் சமமாகிவிட்டது. அருண்பாண்டியன் போகும்போது தன் வண்டியாலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

மார்கழி பிறந்து பத்து நாளைக்குள் பஸ் வந்துவிட்டது. மாலை மரியாதையோடு வந்த முதல் பஸ்ஸின் டிரைவர் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். வந்த வேகத்தில் கல்லை இடமாகச் சுற்றித் திரும்பப் பார்த்தார். ஊரே குறுக்கே போய் நின்றது.

"எடமா சுத்தாதே! சாவுக்கா சுத்தற? வலமா வா!"

"யம்மா, எந்தப் பக்கமா வந்தா என்ன? பஸ்ஸு திரும்பணும், அவ்ளோதானே?"

"அது பிரகாரங்க. மொதல்ல ரிவர்ஸ் எடுங்க" என்றார் எல்லப்பன், கோயில் தர்மகர்த்தா மாதிரி. டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் எடுத்து வலமாக வந்தார். கல் அவர் முழங்கை ஓரமாக வந்தபோது ஸ்டீரிங்கில் இருந்த ஒரு கை தானாகப் போய்க் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

ஆனந்தனின் திட்டத்தில் இருந்த மற்றதெல்லாம் இன்னும் வரவில்லை. ட்ரெக்கிங்குக்கு யாரும் வரவில்லை. ஹோம்ஸ்டேவுக்கு என்று ஒருவரும் வரவில்லை; தேவகிக்கு அதில் நிம்மதி. முட்டி வலிக்காரர்கள்தான் வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் பேர் வருகிறார்கள். அவர்களுக்கு எல்லப்பன் அவித்த மல்லாட்டையும் விற்று, வள்ளி கதையும் சொல்கிறார். அவர் சொல்லும் கதையில் முருகர் இரண்டு காலையும் பிடித்துவிடுகிறார்.

கௌரியம்மாள் கடையை விடவில்லை. இப்போது வீட்டு வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் பஸ். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. சுமை மட்டும்தான் குறைந்தது. முதல் நாள் நானும் அவளோடு அந்தப் பஸ்ஸிலேயே போனேன். கூடையை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கல்லை வலம் வரும்போது இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் கௌரி, நீயே கட்டின கதைய நீயே கும்பிடறியே, இது நல்லாக்கீதா?"

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"பஸ்ஸு வந்துச்சா, இல்லியா?"